நாட்டுப் பாட்டும் பட்டணத்துக் குரலும்

கோயம்புத்தூரில், ஆர்.எஸ். புரத்தில், எனக்கு ஒரு நண்பர் உண்டு. மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் காங்கேயத்துக்குக் கிழக்கே ஒரு சின்னக் கிராமம். தோட்டமும் காளைகளும் கையை விட்டுப் போன பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பவை பழைய இசைத்தட்டுகள்தாம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் புரட்டிப் புரட்டி வாங்கிச் சேர்த்தவை. ஊசி தேய்ந்துபோன ஒரு பெட்டியில் அவற்றைப் போட்டுக் கேட்பார். வருகிறவர்களையும் கேட்க வைப்பார்.

போன மாதம் ஒரு நாள் ஆளனுப்பினார்.

"ஏனுங்க, பொண்ணு அமெரிக்காவிலே இருந்து ஒரு பிளேட்டுக் கொண்டாந்திருக்குதுங்க. நாட்டுப்பாட்டாமா. நம்ம நாட்டுப்பாட்டு இல்லீங்க, அவுங்க ஊரு நாட்டுப்பாட்டு. கேட்டுப்போட்டு நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. நாவல் எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குக்கூடத் தெரியாது என்றே சொல்லலாம். ஆனால் அன்று கேட்ட இரண்டு தட்டுகளைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் எனக்கு உண்டாயின. அவை சங்கீதத்தைப் பற்றி மட்டுமல்ல, எழுத்தைப் பற்றியும்தான். அதனால் எழுதுகிறேன்.

முதல் தட்டு 1965இல் மோட்டவுன் என்ற கம்பெனி வெளியிட்டது. பாடியவர்கள் சுப்ரீம்ஸ் என்ற குழுவினர். டயானா ராஸ், மேரி வில்சன், ஃபுளாரன்ஸ் பல்லார்டு என்று மூன்று நீக்ரோப் பெண்கள். அந்த நாளில் அப்படித்தான் அச்சிடுவார்கள். இன்று கறுப்பினப் பெண்கள் என்கிறோம், அதுவே சரி. மோட்டார் வண்டிகள் செய்யும் டெட்ராய்ட் நகரத்தில் வளர்ந்தவர்கள். மோட்டவுன் கம்பெனியை 1959இல் தொடங்கிய பெர்ரி கோர்டியும் கறுப்பினத்தவர்; கொஞ்ச காலம் மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். அங்கே பிறந்த சங்கீதத்துக்கு 'சோல்' என்று பெயர். மாதா கோயில் பஜனையும் காதல் பாட்டும் கலந்த ஒரு பட்டணத்துச் சங்கீதம் அது. இந்தத் தட்டில் அந்தப் பெண்கள் பாடுவதோ 'கன்ட்ரி' பாட்டுகள். தெற்கத்தி மலைக்காட்டுக் குடியானவனும் மேற்கத்தி மாட்டுக்காரனும் பாடிய பாட்டுகளின் வழிவந்தவை. வெள்ளைக்காரர்களுடையவை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பவை.

எண்ணிக்கொண்டிருப்பவை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் டங்டங்கென்று ஒலிக்கிற பாஞ்சோ என்ற வாத்தியத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் நினைவில் கடல் கடந்த வாத்தியம். தெற்கே வயற்காட்டில் வெள்ளையனும் கறுப்பனும் ஒருவன் பாட்டை ஒருவன் காதில் வாங்கிக்கொண்டுதான் வாழ்ந்தார்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள்தாம் அதைப் பிரித்து, கறுப்பர் பாடினால் ஒரு வரிசை, மலைக்காட்டு வெள்ளையர் பாடினால் வேறு வரிசை என்று இரண்டு பட்டியல் போட்டு விற்றன. வியாபாரத்துக்காகப் போட்ட கோடு, நாளடைவில் இயற்கையே போட்ட கோடு மாதிரி ஆகிவிட்டது. பட்டியல் போடுகிறவர்களுக்கு உள்ள சக்தி அது. இலக்கியத்திலும் இதைப் பார்க்கிறோம்.

ஆகவே இந்த மூன்று பெண்களும் கன்ட்ரி பாடியது அத்துமீறல் அல்ல. மேரி வில்சன் பிறந்ததே மிஸ்ஸிஸிப்பியில். மற்ற இருவரின் குடும்பங்களும் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்தவைதாம். தாத்தா பாட்டியின் ஊருக்குப் போகிற பிள்ளைகளாக அவர்கள் அந்தப் பாட்டுகளுக்குள் போயிருக்கலாம். போனார்களா என்பதே கேள்வி.

போகவில்லை என்பது என் அபிப்பிராயம். குரல்கள் இனிமையானவை. டயானா ராஸின் மெல்லிய குரலில் ஒரு கிளிக்கொஞ்சல் உண்டு, கேட்க அலுக்காது. ஆனால் கேட்கிறபோது, பட்டணத்துப் பெண்கள் ஒரு மாறுதலுக்காகக் கிராமத்துச் சேலை கட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டது போல இருக்கிறது. தட்டில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் கம்பெனியிலேயே இருந்த கிளாரன்ஸ் பால் எழுதியோ, எழுதக் கூட்டுச் சேர்ந்தோ உண்டானவை. தட்டின் தயாரிப்பாளரும் அவர்தான். இதற்கு முந்தின வருஷம், 1964இல், இதே பெண்களைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் பாணிப் பாட்டுகளை ஒரு தட்டாகக் கொண்டுவந்தார்கள். கடையில் எத்தனை வகைச் சரக்கு விற்கிறதோ அத்தனையிலும் நம் சரக்கு ஒன்று இருக்கட்டும் என்கிற எண்ணம் அது. அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அதிலிருந்து கலை பிறப்பது அபூர்வம்.

ஒரே ஒரு பாட்டில் தட்டு விழித்துக்கொள்கிறது. வில்லி நெல்சன் எழுதியது. பிரிந்துபோன காதலனை எப்போதோ வழியில் சந்திக்கிறவளின் பேச்சு அது. சௌக்கியமா என்று கேட்கிற தோரணையில் ஆரம்பித்து நெஞ்சைக் கிழித்துக்கொண்டு போகிறது. அங்கே பாடுகிறவர்களுக்குக் கிராமம் தேவைப்படவில்லை. காயம் போதுமானதாக இருந்தது.

இதற்கு மூன்று வருஷம் முந்தி, 1962இல், ரே சார்ல்ஸ் என்ற கண்ணிழந்த பாடகர் இதே காரியத்தைச் செய்தார். அவருடைய தட்டு அமெரிக்கா முழுவதும் முதலிடத்தில் விற்றது. அவர் பிளாரிடாவில் சிறு பையனாக இருந்தபோதே ரேடியோவில் கன்ட்ரி பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். வாலிபத்தில் வெள்ளையர்களின் கன்ட்ரிக் குழு ஒன்றில் வாசித்தும் இருக்கிறார். ஆனாலும் தட்டில் அவர் கிராமத்தான் வேஷம் போடவில்லை. பாஞ்சோவையும் பிடிலையும் ஒதுக்கிவிட்டுப் பெரிய வாத்திய கோஷ்டியைச் சேர்த்துக்கொண்டு, தன் குரலிலேயே, தன் துக்கத்தோடேயே பாடினார். பாட்டை எடுத்துக்கொண்டார், பாவனையை விட்டுவிட்டார். சுப்ரீம்ஸ் பெண்களுக்குக் கம்பெனி கொடுத்ததோ பாவனையை மட்டும்தான். இரண்டு தட்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவே. ஆனால் இது பெரிய வித்தியாசம்.

இதை நான் நண்பரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து போட்டார்.

"அவுங்களைச் சொன்னீங்க, சரி. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அது 'அன்னக்கிளி'. 1976இல் வந்த படம். தேவராஜ்–மோகன் இயக்கியது. இளையராஜா இசையமைத்த முதல் படம். படம் பெரும்பாலும் எடுக்கப்பட்டது சத்தியமங்கலத்துக்கு அப்பால், மோயாற்றைக் கடந்து போக வேண்டிய தெங்குமரஹாடாவில். கதாநாயகனாக நடித்த சிவகுமார் சூலூர்ப் பக்கத்துக் காசிகவுண்டன்புதூர்க்காரர். ஆக, கொங்கு நாட்டுக்காரர்கள் எங்கள் படம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு காரணங்கள் உண்டு.

அந்தத் தட்டு வந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ரேடியோ செட்டுக்காரர் முதலில் ஒரு பிள்ளையார் பாட்டைப் போடுவார். அப்புறம் 'ஆராதனா', 'பாபி' என்று இந்திப் பாட்டுகள்தாம். வேப்ப மரத்தில் கட்டின குழாயிலிருந்து அர்த்தம் தெரியாத காதல் ஊர் முழுக்க வழியும். இளைஞர்களுக்குத் தமிழ்ப் பாட்டு என்றால் ஒரு மட்டமான எண்ணம் வந்துவிட்டிருந்தது. அந்தக் குழாயில் ஒரு நாள் உலக்கை இடிக்கிற தாளத்தில், ஊர்ப் பெண்ணின் பேச்சில், ஒரு பாட்டு வந்தது. களத்து மேட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தவன்தான். நம் வீட்டுப் பேச்சு நமக்கே கௌரவமாகத் திரும்பி வந்த நாள் அது.

அதற்கு முன் சினிமாவில் நாட்டு மெட்டுகள் இல்லாமல் இல்லை. கே.வி. மகாதேவனும், விஸ்வநாதன்–ராமமூர்த்தியும் நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே நாட்டு மெட்டு என்பது விருந்தில் ஊறுகாய் மாதிரி. இளையராஜா அதையே சோறாகப் பரிமாறினார். பண்ணைப்புரத்தில் தாயார் பாடக் கேட்டதும், அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாக ஊர் சுற்றியதும் அவர் காதில் இருந்தன. சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதத்தை முறையாகக் கற்றார். இரண்டையும் அவர் ஒட்டுப் போடவில்லை. கிட்டாரும் பிடிலும் வந்தாலும் அவை மெட்டின் போக்குக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. ரே சார்ல்ஸ் செய்ததும் இதுதான். இந்த விதத்தில் 'அன்னக்கிளி' தட்டு, அமெரிக்கத் தட்டைவிட எவ்வளவோ மேலானது என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

பாடியவர்களைப் பாருங்கள். பாட்டுகளின் பெரும் பாரத்தைச் சுமக்கிற எஸ். ஜானகி ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. பி. சுசீலா விஜயநகரத்துக்காரர். பாட்டு எழுதிய பஞ்சு அருணாசலம் செட்டிநாட்டுக்காரர். இசையமைத்தவர் தேனிப் பக்கம். இவ்வளவு பேர் சேர்ந்து, பவானியும் மோயாறும் ஓடுகிற பூமியில் நடக்கிற கதைக்கு நாட்டுப்பாட்டுச் செய்தார்கள். பிறந்த ஊர்தான் பாட்டுக்கு அத்தாட்சி என்று வாதிக்கிறவர்களுக்கு இந்தத் தட்டு ஒரு நல்ல பதில். ஜானகியின் குரல் அந்தப் பெண்ணின் குரலாகவே இருக்கிறது. சந்தேகமில்லை.

இருந்தாலும் நண்பர் விடவில்லை.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா எங்க அம்மா பாடுன மாதிரி இல்லீங்களே?"

இந்தக் கேள்வியைத்தான் விமரிசகன் சந்திக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில் சந்தித்துப் பார்க்கிறேன்.

கொங்கு நாடு பெரும்பாலும் புன்செய்க் காடு. வாய்க்கால் பாய்கிற இடங்கள் தவிர, மற்ற ஊர்களில் எங்கள் பாட்டிமார் குத்தியது நெல்லை அல்ல, கம்பை. இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். உலக்கை விழுகிறபோது நெஞ்சிலிருந்து 'உஸ்' என்று ஒரு மூச்சு வெளியே போகும். அடுத்த சொல் அந்த மூச்சுக்குப் பிறகுதான் வரும். பாட்டு உடைந்து உடைந்துதான் வரும். அந்த உடைசலே அதன் தாளம். தட்டில் பாடுகிறவர் ஒரு இடத்திலும் களைக்கவில்லை. மூச்சு ஒரு இடத்திலும் உடையவில்லை. நண்பரின் காது தேடியது அந்த மூச்சை என்று நினைக்கிறேன்.

கிணற்று மேட்டுப் பாட்டும் இப்படியே. கவலை ஓட்டுகிறவன் எருதுகளை வாரியில் இறக்கும்போது பாட்டை நீட்டுவான். சால் மேலே வந்து தண்ணீர் கொட்டுகிற வரைக்கும் இழுக்க வேண்டும். கயிறு எவ்வளவு நீளமோ பாட்டும் அவ்வளவு நீளம். கிணறு வற்ற வற்றக் கயிறு நீளும், பாட்டும் நீளும். கோடைக் காலத்துப் பாட்டு மழைக் காலத்துப் பாட்டைவிட நீளம் என்று சொன்னால் பட்டணத்தில் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை.

இந்தப் பாட்டுகளைக் கொன்றது சினிமா அல்ல. 1932இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் வேலை செய்ய ஆரம்பித்தது. அந்த மின்சாரம் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு வந்தது. மில்கள் ஓடின, நாளடைவில் கிணறு கிணறாக மோட்டார் வந்தது. அந்த மோட்டாரையும் பம்பையும் கோயம்புத்தூரே செய்து நாடு முழுவதும் அனுப்பியது. எருது ஓய்ந்தது, கவலைப் பாட்டும் ஓய்ந்தது. அரவை மில் வந்தது, உலக்கை மூலையில் சாய்ந்தது. இதற்காக அழுகிறவன் உலக்கை பிடித்துப் பார்க்காதவன். எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருத்திகூட அழவில்லை. கை காப்புக் காய்த்திருந்தவர்களுக்கு அந்த மில் ஒரு தெய்வம்.

ஆக, 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது குத்துகிற வேலை பெரும்பாலான ஊர்களில் போய்விட்டிருந்தது. வேலை போன பிறகு, வேலையின் பாட்டு மாத்திரம் தட்டில் வந்தது. அது நினைவின் பாட்டு. உழைப்பின் பாட்டு அல்ல. களைப்பு அதில் இல்லாததற்குக் காரணம் பாடியவரின் குறை அல்ல, காலத்தின் கணக்கு. நினைவில் யாருக்கும் கை வலிப்பதில்லை.

இன்னொரு விஷயம். சுப்ரீம்ஸின் தட்டு வெளிவந்த அதே 1965இல், என் நண்பரின் ஊருக்குச் சமீபத்தில், காங்கேயம் வட்டாரத்தில், பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆராய்ச்சிக்காரப் பெண்மணி ஒரு டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு இரவு இரவாக உட்கார்ந்திருந்தார். உடுக்கைக்காரர் அண்ணன்மார் கதையைப் பாடினார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி கதை. மூன்று நிமிஷத்தில் முடிகிற கதை அல்ல. பல இரவுகள் நடக்கிற கதை. படுகளம் வருகிறபோது கேட்கிறவர்களில் சிலர் அருள் வந்து விழுவார்கள். எழுப்பிவிட்டுத்தான் மேலே பாட வேண்டும். அந்த நாடாவிலிருந்து கதை எழுத்தில் எடுக்கப்பட்டு, 1992இல் சென்னையில் ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக இரண்டு பாகங்களில் வந்தது. எந்தத் தட்டிலும் கொள்ளாத பாட்டு அது. ரேடியோ செட்டுக்காரரின் குழாய்க்கு அதனால் உபயோகமில்லை. ஆனால் நண்பர் கேட்ட மூச்சு அதில் இருக்கிறது.

எதிர்த் திசையில் போனவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். பெரியசாமித் தூரன் 1908இல் ஈரோட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் சென்னைச் சபைகளில் ஒலிக்கின்றன. கிராமத்தான் பட்டணத்துச் சங்கீதத்தைப் பாடலாமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, கேட்பது அசட்டுத்தனம். அதே மனிதர் நாட்டுப்பாடல்களையும் திரட்டி, 'காற்றில் வந்த கவிதை' என்று புத்தகமாக்கினார். தன் கவிதைக்கும் காற்றில் வந்த கவிதைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தலைப்பிலேயே அது இருக்கிறது. தன்னுடையது என்று சொல்லாமல், காற்றினுடையது என்று சொன்னார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் முதல் நாவலில் ஒரு தாலாட்டு வருகிறது. விமரிசகர்கள் அதை மெச்சினார்கள். கொங்கு மண்ணின் மணம் என்று எழுதினார்கள். அந்தத் தாலாட்டை நான் இயற்றவில்லை. எங்கள் வீட்டில் கம்பு இடிக்க வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் தன் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுப் பாடியது. நான்கு வரிகளை மாற்றினேன். மற்றவை அவள் சொற்கள். புத்தகம் வந்து சில வருஷங்கள் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சாமி, எம்பட பாட்டைப் புஸ்தகத்துல போட்டீங்களாமா?"

"ஆமாம்."

"அதுல எம்பட பேரும் இருக்குதுங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அடுத்த பதிப்பில் போடுகிறேன் என்றேன். அடுத்த பதிப்பு வந்தது. நான் மறந்துவிட்டேன். அதற்கடுத்த பதிப்பு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு பார்த்தால், பிறர் பாட்டைப் பாடலாமா என்ற கேள்வியே சரியான கேள்வியல்ல என்று தோன்றுகிறது. பாடலாம். பாடாவிட்டால் பாட்டுச் செத்துப்போகும். டெட்ராய்ட்டுப் பெண்கள் மலைக்காட்டுப் பாட்டைப் பாடலாம், குண்டூர்ப் பெண் கொங்குக் காட்டுக் கதைக்குப் பாடலாம், நான் கம்பு இடித்தவளின் தாலாட்டை எழுதலாம். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, எடுத்துக்கொண்டவன் தன் உயிரிலிருந்து அதற்கு எதையாவது சேர்த்தானா? ரே சார்ல்ஸ் சேர்த்தார். இளையராஜாவும் ஜானகியும் சேர்த்தார்கள். மோட்டவுன் கம்பெனிக்காரர்கள் ஒரு பாட்டில் தவிர சேர்க்கவில்லை. இரண்டு, எங்கிருந்து எடுத்தான் என்று சொன்னானா? இதில் தேறுகிறவர்கள் குறைவு. நான் தேறவில்லை.

முதல் கேள்வி கலையைப் பற்றியது. இரண்டாவது யோக்கியதையைப் பற்றியது. முதலாவதில் தேறிவிட்டால் இரண்டாவதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று கலைஞர்கள் நினைக்கிறோம். பெரும்பாலும் கேட்பதும் இல்லை; வாசலில் வந்து நிற்கிற ஒருத்தியைத் தவிர.

நண்பர் தட்டை எடுத்து, துணியால் துடைத்து, உறையில் போட்டார். அவருடைய தாயார் பாடியது எதுவும் எந்த நாடாவிலும் இல்லை. இரண்டொரு வரிதான் அவருக்கு நினைவிருக்கிறது. பாடிக் காட்டச் சொன்னேன். கூச்சப்பட்டார். அப்புறம் கையைத் தொடையில் தட்டிக்கொண்டு, மூச்சை விட்டு விட்டு, மெதுவாகப் பாடினார். மூன்றாவது வரி வரவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டார்.

காகிதத்தில் எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை, பாட்டை எழுதுவதற்கு முன், அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு மேலே எழுதினேன்.